எடைமேடையில் அகில் வாசம்

ஜூலை 14, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். மேற்குக் காற்று. வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, பினாயில், வீட்டுக்காரர் ஷூவுக்கு லேஸ், கரி யார்டுக்குப் பிரிண்டர் ரிப்பன் (சூப்பர்வைசரிடம் மூன்றாவது முறை கேட்டாயிற்று. காதில் விழாது).

புதுக் குப்பி திறந்தேன். பண்ருட்டி பாய் கடை அகில் எண்ணெய், கால் தோலா. கறுப்பு. நல்லெண்ணெய்ச் சட்டியின் அடி மண்டி மாதிரி. கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் ஒன்று, காதுக்குக் கீழே ஒன்று. தேய்க்கக் கூடாது, தொட்டு விட வேண்டும் என்பார் பாய். முதல் பத்து நிமிடம் மாட்டுக்கொட்டகை. அப்புறம் நாட்டு மருந்துக் கடை. பதினோரு மணிக்கு மேல்தான் மரம். சாயங்காலம் அது என் தோலின் வாசம் ஆகிவிடும். வெட்டிவேர்க் குப்பி பாதி இருக்கிறது. மண் அத்தர் தீர்ந்தது.

மல்லிகை எனக்குத் தலைவலி. ரோஸ் வாட்டர் வாந்தி. இதை நம்ப ஒருவரும் தயாரில்லை.

சூப்பர்வைசர் தண்டபாணி (இனி த. அவன் முழுப் பெயருக்கு மை வீண்) சீட்டு வாங்க வந்தவன், "என்னாம்மா இது, கட்டையில போறவன் வாசன" என்றான். லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். நான் இருப்பது எடைமேடை. லாரி ஏறும், கம்ப்யூட்டரில் எண் விழும், சீட்டு கிழித்துக் கொடுப்பேன். இதில் என் கழுத்துக்கு என்ன வேலை?

த. அடித்துக்கொண்டு வரும் ஸ்ப்ரே முத்தாண்டிக்குப்பம் பஸ் ஸ்டாப்பிலேயே தெரியும். அதை யாரும் கேட்பதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ரிப்பன் வரவில்லை. சீட்டில் எண் பாதிதான் விழுகிறது.

காலை பத்து மணி. கரிக் குவியலுக்குத் தண்ணி அடிக்கும் முருகேசன் அண்ணன் என் கேபின் பக்கத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று நிமிர்ந்தார். மூக்கை மேற்கே தூக்கினார். "குவியல் பொகையுது" என்று கத்தினார்.

குவித்து வைத்த பழுப்புக் கரி தானாகவே உள்ளே சூடேறும். புகை கண்ணுக்குத் தெரியும் முன் வாடை வந்துவிடும். அந்த வாடைக்கு எங்கள் யார்டில் இருக்கும் ஒரே கருவி முருகேசன் அண்ணனின் மூக்கு. அப்புறம் ஒரு இரும்புக் கம்பி. குவியலில் குத்தி வைத்து, கொஞ்ச நேரம் விட்டு உருவி, புறங்கையில் வைத்துப் பார்ப்பார். சுட்டால் உள்ளே கங்கு.

பொக்லைன் வந்தது. என் கேபினைப் பார்த்த முன்பக்கத்தை வெட்டிப் புரட்டினார்கள். இரண்டு டேங்கர் தண்ணீர். இரண்டு மணி நேரம் பதினோரு லாரி ரோட்டில் நின்றது. ஒன்றும் இல்லை. ஈரக் கரி, சேறு, அவ்வளவுதான்.

த. வியர்த்து வழிந்து கேபினுக்குள் வந்தான். நின்றான். மோந்தான். வெளியே தலையை நீட்டி, "கண்டுபுடிச்சிட்டேன்டா, பொகையறது குவியல் இல்ல, நம்ம ஸ்டெல்லா" என்றான்.

சிரிப்பு. பொக்லைன் டிரைவர் இறங்கி வந்தே சிரித்தான். முருகேசன் அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு குழாயைச் சுருட்டினார். அவரையும் சேர்த்துத்தானே சிரிக்கிறார்கள். ஐம்பது வயது மனிதர். பதினெட்டு வருஷம் கரிக்குத் தண்ணி அடித்தவர். அத்தருக்கும் கங்குக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு என்று ஆகிவிட்டது.

த. பதிவேட்டில் எழுதினான்: தவறான எச்சரிக்கை. காரணம், பெண் பணியாளர் பூசிய அத்தர்.

என் கண்ணெதிரே எழுதினான். நான் அச்சமயம் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தேன். அடுத்த லாரிக்குக் கை காட்டினேன். ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

ஜூலை 16, புதன்

கேபின் கண்ணாடியில் A4 தாள். "பணியாளர்கள் எவரும் அத்தர், சென்ட், வாசனைப் பொருள் பூசி வரக் கூடாது. மீறினால் வேலை நீக்கம். உத்தரவு, முதலாளி." அடியில் த. கையெழுத்து. ஒட்டியது என் கண்ணாடியில் மட்டும். டிரைவர் ஓய்வறையில் இல்லை, த. அறையில் இல்லை.

ஒட்டிய கையிலிருந்து ஸ்ப்ரே வாசம்.

இன்றைக்கு என் மூக்குக்கு எட்டியவை: த. ஸ்ப்ரே. டிரைவர்கள் பான்பராக். டீசல். அஞ்சலை அக்கா பெருக்கும்போது அவர் தலையின் விளக்கெண்ணெய். கணக்குப்பிள்ளையின் விபூதி, பச்சைக் கற்பூரம். இவை எல்லாம் வாசனைப் பொருள் இல்லை. என் இரண்டு சொட்டு மட்டும் வாசனைப் பொருள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். "விட்டுடேன் ஸ்டெல்லா, ஒரு வாசன தானே" என்றார். ஒரு வாசனைதான். ஒரு வேலைதான். ஒரு கழுத்துதான். இப்படியே ஒவ்வொன்றாக விட்டால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். குழம்பு என்ன என்று கேட்டார்.

ஜூலை 17, வியாழன்

பூசவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்து, தேய்த்துக் குளித்தேன்.

எட்டாம் வகுப்பில் இதே மாதிரி குளித்திருக்கிறேன். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. அவர் சட்டையோடு என் யூனிபார்மையும் அம்மா ஒரே வாளியில் ஊற வைப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி, "உன் மேல கரி நாத்தம்" என்று எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். பர்மனென்ட் வேலையில் இருந்தவர் வீட்டுப் பெண். அதற்கப்புறம் பத்து வருஷம் பவுடர் பவுடராகக் கொட்டினேன். அதெல்லாம் மறைக்கப் பூசியது. அகில் அப்படி இல்லை. மண், மரம், புகை. எதைச் சொல்லி எழுந்து போனாளோ அதையே நான் காசு கொடுத்து வாங்கி, பிடித்துப் பூசுகிறேன். இதை த.விடம் விளக்க வேண்டுமா? முடியாது.

ரிப்பன் வந்தது. நிறம் நீலம். கேட்டது கறுப்பு.

ஜூலை 19, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

இன்றும் பூசவில்லை. பதினோரு மணிக்குக் காற்று ஓங்கியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், வாடை வராதா? வந்தது. முதலில் லேசாக. மண்ணெண்ணெய்த் துணியும் புளித்த மாவும் சேர்ந்த மாதிரி. கேபினை விட்டு இறங்கி நின்று மோந்தேன். குவியலின் பின்பக்கத்திலிருந்து வருகிறது, வேலி ஓரம். செவ்வாய்க்கிழமை யாரும் தொடாத பக்கம்.

முருகேசன் அண்ணனுக்கு இன்று மதிய ஷிப்ட், இரண்டு மணிக்குத்தான் வருவார். ஆகவே த.விடம் போய்ச் சொன்னேன்.

"மறுபடியும் பூசிக்கினு வந்துட்டியா?"

இல்லை சார் என்றேன். நம்பவில்லை. அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டான். எடைமேடை மேல் ஒரு லாரி, பின்னால் நாலு லாரி, எல்லா டிரைவரும் பார்க்க, "அவ கழுத்த மோந்து பாரு" என்றான்.

அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கிட்டே வந்து மோந்தார். மூச்சு கழுத்தில் பட்டது.

"ஒண்ணும் இல்லீங்க. சோப்பு தான்" என்றார்.

"அப்ப துணியில ஏறியிருக்கும்" என்றான் த. போய்விட்டான். கம்பி குத்தவில்லை. பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

நான் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐந்து மணி வரை யாரிடமும் பேசவில்லை. சீட்டை நீட்டினேன், வாங்கினார்கள். முருகேசன் அண்ணன் இரண்டு மணிக்கு வந்தார், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வந்த மாதிரி நின்றார். நான் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் வந்து அவன கேக்கட்டுமா" என்றார்.

"என்னன்னு கேப்பீங்க? எம் பொண்டாட்டி கழுத்துன்னு கேப்பீங்க. அது என் கழுத்து."

பாத்திரம் தேய்த்தேன். ஒரு டம்ளர் நசுங்கிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சில் பூசை எட்டு மணி. மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். காது கொடுக்கவில்லை. தூபக்கலசம் ஆட்டும்போது மட்டும் நன்றாக மூச்சு இழுத்தேன். சாமியாருக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை.

மாமியாருக்குப் போன். கீரை. துணி இஸ்திரி.

ஜூலை 21, திங்கள்

யார்டுக்குள் நுழையும்போதே தெரிந்தது. பின்பக்கக் குவியல் பாதி வெட்டிப் போட்டிருக்கிறார்கள். வெள்ளை ஆவி. நடுவில் இன்னும் சிவப்பு.

நேற்று மதியம் நடந்தது. முருகேசன் அண்ணன் பின்பக்கம் புகையைக் கண்டு குழாயோடு குவியல் மேல் ஏறியிருக்கிறார். மேலே பொருக்கு மாதிரி இருந்திருக்கிறது, உள்ளே வெந்து குழி. வலது கால் முட்டிக்குக் கீழே வரை உள்ளே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, கூட இருந்தது ஒரே ஒரு ஆள். அவன் இழுத்து எடுத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கால் தப்பும் என்கிறார்களாம். "என்கிறார்களாம்" தான், பார்த்துவிட்டு வந்தவர் யாரும் இல்லை.

த. முதலாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். தண்ணி அடிக்கிறவன் யாருக்கும் தகவல் சொல்லவில்லை, அசட்டை, என்றான். நான் கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். குரலைத் தாழ்த்தக் கூட இல்லை.

நான் சொன்னேனே. சனிக்கிழமை பதினோரு மணிக்கு. அஞ்சலை அக்கா சாட்சி. ஐந்து லாரி சாட்சி. இதை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். "நீ சொன்னத எவன் நம்புவான், ஒன் மேலயே அந்த வாடை" என்றான்.

அவன் மேல் வரும் கோபம் இருக்கட்டும். அன்றைக்கு இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து, பின்பக்கம் பாருங்கண்ணே என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய ரோஷக்காரி.

ஜூலை 22, செவ்வாய்

அரை நாள் லீவு. சாத்துக்குடி, ரொட்டி. கடைசி நிமிடத்தில் அகில் குப்பியைக் கைப்பையில் போட்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

ஜெனரல் வார்டு, ஓரக் கட்டில். கால் முழுக்கக் கட்டு. அவர் மனைவி சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு டீ வாங்கப் போனார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

"சனிக்கெழமையே எனக்கு வந்துச்சும்மா வாடை. நீங்கதான் பூசிக்கினு வந்துட்டீங்கன்னு நெனச்சேன். சொன்னா ஒங்க வேல போயிடும். அதான் வாய மூடிக்கினேன்."

எனக்காக. என் இரண்டு சொட்டுக்காக. அன்றைக்கு நான் பூசவே இல்லை என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

குப்பியை எடுத்தேன். கண்ணாடிக் குச்சியால் அவர் புறங்கையில் ஒரு சொட்டு தொட்டு விட்டேன். கம்பியை வைத்துப் பார்க்கிற அதே இடம். மோந்து பாருங்கண்ணே என்றேன். தப்பு இவருடையதா என்னுடையதா என்று இன்றே தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். போன செவ்வாய்க்கிழமை இவரை ஏமாற்றியது இதுதான் என்றால் குப்பியைச் சாக்கடையில் கொட்டிவிடுவதாக இருந்தேன்.

மோந்தார். கையைத் தள்ளி வைத்தார். கொஞ்சம் விட்டு மறுபடியும் மோந்தார். கரி பார்க்கிற முகம் வந்துவிட்டது.

"இது மரம்" என்றார். "அது புளிச்ச வாடை. இது இல்லியே அது."

எது அண்ணே?

"அன்னிக்கி செவ்வாக்கெழம நான் மோந்தேனே, அது. சனிக்கெழம வந்ததும் அதே தான். இத நான் இப்பதாம்மா மொதல் தபா மோக்கறேன்."

போன செவ்வாய்க்கிழமையே குவியல் புகைந்திருக்கிறது. பின்பக்கம். காற்று வாடையை முன்னால் கொண்டுவந்து போட்டது, முன்பக்கத்தை வெட்டினார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள், என்னைக் காட்டிச் சிரித்தார்கள், மூடிவிட்டார்கள். ஐந்து நாள் உள்ளே வெந்துகொண்டே இருந்திருக்கிறது. நானும் நம்பினேன். என் கழுத்தைப் பற்றி அவன் சொன்னதை நானே நம்பி, சோப்பு போட்டுத் தேய்த்தேன்.

அவர் புறங்கையை மூக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"அப்ப என் மூக்கு கெட்டுப் போவல" என்றார்.

நாளைக்கு:
1. பதிவேட்டில் போன செவ்வாய்க்கிழமை வரிக்குக் கீழே எழுத வேண்டும்: எச்சரிக்கை சரியானது. எச்சரித்தவர் முருகேசன். அதற்கும் கீழே: சனி, பதினோரு மணி, ஸ்டெல்லா சொன்னாள், யாரும் பார்க்கவில்லை. நீல ரிப்பனில் இல்லை, பேனாவில்.
2. அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடிக்க வேண்டும். த. கிழிப்பான்.
3. அஞ்சலை அக்காவுக்கும் கொஞ்சம் ரொட்டி.
4. அகில். மணிக்கட்டில் ஒன்று, காதுக்குக் கீழே ஒன்று. மோந்து பார்க்க வருகிறவன் வரட்டும்.