நல்ல நிலையில் உள்ளது

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்கு என்ன குறை? இங்கே நம் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நீ பழுதுபார்த்துக்கொண்டிருந்த மூன்று இன்குபேட்டர் பெட்டிகளில் இரண்டுதான் ஓடுகிறது. அதுவும் நீ காட்டிக்கொடுத்தபடி கதவுக்குப் பிளாஸ்டர் ஒட்டி ஓட்டுகிறேன். நேற்று ஒரே பெட்டியில் இரண்டு குழந்தைகள். "உங்க தம்பி இருந்தா இப்படி ஆகுமா சிஸ்டர்?" என்று டாக்டரம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? சம்பளம் கண்ணை மறைத்துவிட்டது உனக்கு. வந்து தொலையேண்டா.

கோபம் தீராத,
அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

திட்டு. உனக்கில்லாத உரிமையா? சம்பளத்துக்குப் போனான் என்றே இருக்கட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் மூன்றாம் பெட்டியில் ஒரு பெண் குழந்தை போனதே. அந்தப் பெட்டியின் சூடு காட்டும் சென்சார் கெட்டுப்போயிருந்தது. மாற்றச் சொல்லிப் பதினோரு தடவை எழுதிக் கொடுத்தேன். குழந்தை போன மறுநாள் கண்காணிப்பாளர், முந்தின வாரத் தேதி போட்ட தாளை நீட்டினார்: 'இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது.' "கையெழுத்துப் போடுப்பா, உங்க அக்காவும் இங்கதானே வேலை பாக்கறாங்க" என்றார். போட்டேன்.

இங்கே காலையில் சென்சார் கேட்டால் சாயங்காலம் வருகிறது. முதல் தடவை வந்த அன்று கழிவறைக்குள் போய் அழுதேன். இத்துடன் ஒன்று அனுப்பியிருக்கிறேன், இரண்டாம் பெட்டிக்கு. அதுவும் கெடும் நேரம்தான். எப்படி மாட்டுவது என்று படம் போட்டிருக்கிறேன். உடனே மாட்டு.

உன்,
தம்பி

ஜூலை 11

தம்பி,

பார்சல் வந்தது. பதிவேட்டில் ஏறாத சாமானை மாட்டக்கூடாதென்று ஸ்டோர்காரர் வாங்கி உள்ளே பூட்டிவிட்டார். எட்டு நாள் நடையாய் நடந்தேன். காலைக்கூடப் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. இரண்டாம் பெட்டி. ஆண் குழந்தை. தாய் இன்னும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். அதே 'நல்ல நிலையில் உள்ளது' தாள். "உங்க தம்பி போட்ட கையெழுத்தை வெளிய எடுக்க வேணாம்னு பாக்கறேன் சிஸ்டர்." வராந்தாவில் அந்தப் பெண்ணின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. போட்டுவிட்டேன் தம்பி. உன்னைத் திட்டின இதே வாயால் சொல்கிறேன்.

அங்கே நாற்பத்தாறு வயது நர்ஸை எடுப்பார்களா? விசாரித்துச் சொல். இனிமேல் அந்தப் பெட்டியைத் தொட என்னால் முடியாது.

புதிதாக வந்த நர்ஸுக்கு இன்று பிளாஸ்டர் ஒட்டக் காட்டிக்கொடுத்தேன். சென்சார் இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறது.

அக்கா