கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ்

மார்ச் 3, செவ்வாய்

லேபுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்து ஒரு மாதம். நான்தான் நச்சரித்து வாங்க வைத்தேன். கண்ணாடிக் கதவு, உள்ளே அணையாத விளக்கு. எந்தப் புட்டி எங்கே என்று திறக்காமலே தெரியும். "உன் ஃபிரிட்ஜ் புராணம் முடியவே முடியாதா?" என்கிறார் வீட்டுக்காரர். பொறாமை.

மார்ச் 9, திங்கள்

இரண்டாவது குழாயும் போச்சு. உறைந்திருந்த செல்களை உருக்கி, மீடியம் என்கிற சிவப்பு ஊட்டத் திரவத்தில் விட்டு வளர வைத்தேன். மறுநாள் பார்த்தால் எல்லாம் செத்து மிதக்கின்றன. பதினோரு வருடமாகச் செய்கிற வேலை. என்ன தப்பு செய்தேன்?

நோய்ச் சோதனைக்காக ஓர் ஆறு வயதுப் பெண்ணின் கைத்தோலிலிருந்து எடுத்த செல்கள். இருந்ததே மூன்று குழாய். கடைசியும் செத்தால் அவள் கையில் மறுபடி கத்தி வைக்க வேண்டும். போன முறை அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

"இனி நீங்க தொட வேண்டாம். மாடி லேப்ல குடுத்துடலாம்" என்று லேப் தலைவர் சார் சொல்லிவிட்டார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் சுடுகிறது.

மார்ச் 12, வியாழன்

செல்களைச் சூட்டில் வைத்து வளர்க்கும் அதே இன்குபேட்டரில் எங்கள் ஆய்வு மாணவியின் செல்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. அவள் மீடியத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்து லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரே வித்தியாசம்தான்: அவளுடையதில் பைருவேட் உண்டு.

"அது சாப்பாடுதானே அக்கா? உங்க மீடியத்துல சர்க்கரை இருக்கே. பட்டினியில சாகாதே" என்றாள்.

சரிதான். ஆனால் பைருவேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. செல்லைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டால் தானே போய் மோதி, தண்ணீர், வினிகரில் இருக்கிற அமிலம், கொஞ்சம் வாயு என்று அதன் கதையை முடித்துவிடும். செல்லுக்கு அடி விழும் முன்பே. அது சரி, என் புட்டிக்குள் பெராக்சைடை யார் ஊற்றினார்கள்?

மார்ச் 13, வெள்ளி

கழுவும் அறையிலிருந்து, பெராக்சைடு இருந்தால் நீலமாகும் காகிதப் பட்டை வாங்கி வந்து தோய்த்தேன். அட்டைப் பெட்டியில் பிரிக்காமல் கிடந்த என் புட்டி — வெள்ளை. ஃபிரிட்ஜில் முன்வரிசையில் நின்ற என் புட்டி — நீலம்! அதே வரிசையில் நின்ற அவள் புட்டி — வெள்ளை.

வெளிச்சம். மீடியத்தில் இருக்கிற வைட்டமின் மேல் ஓயாமல் வெளிச்சம் பட்டு, பெராக்சைடு உருவாகியிருக்கிறது. அவளுடையதை பைருவேட் காப்பாற்றியிருக்கிறது. நான் கேட்டு, நான் கெஞ்சி வாங்கின ஃபிரிட்ஜ்! உட்கார்ந்து சிரித்தேன்.

மார்ச் 16, திங்கள்

மீடியம் கம்பெனிக்கு சார் காரசாரமாகப் புகார் தட்டிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"சார், அவங்க மேல தப்பில்ல. ஃபிரிட்ஜ் விளக்குதான். நான் கேட்டு வாங்கினது" என்று பட்டைகளை மேசையில் வைத்தேன்.

பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "ஒரு மாசமா நானும் அந்தக் கதவைத் திறந்து மூடிட்டுதானே இருந்தேன்" என்றார். பிறகு, "மூணாவதையும் நீங்களே எடுங்க."

விளக்கைக் கழற்றினோம். புதுப் புட்டியில் பைருவேட் சேர்த்தேன். கடைசிக் குழாயை உருக்கி அதில் விட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

செல்கள் மிதக்கவில்லை; தட்டில் ஒட்டிக்கொண்டன. உயிரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன!

மார்ச் 27, வெள்ளி

செல்கள் பெருகி, எட்டுக் குழாய் உறைய வைத்தாகிவிட்டது. மத்தியானம் அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்தார். திரும்ப வர வேண்டியிருக்கலாம் என்று சார் முன்பே சொல்லி வைத்திருந்தாராம்.

"எப்ப கூட்டிட்டு வரணும் மேடம்? அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவா."

"சொல்லவே வேண்டாம்மா" என்றேன்.