பெரியப்பா கழுத்தில் உட்கார்ந்த ஈ

எத்தனை ஈ கடித்தாலும் தூண்டிலைக் கீழே வைக்காத என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது? இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி இப்போது கொஞ்சம் தேவலை. ராஜபாளையத்து வெயில் நீங்கள் விட்டுப்போன மாதிரியே கொளுத்துகிறது. நானும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை, அதுவும் அப்படியேதான்.

ஒரு சேதி இருக்கிறது அப்பா. போன வாரம் பிளவக்கல் அணைக்கு மீன் பிடிக்கப் போனேன். யாரோடு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். உங்கள் அண்ணனோடு.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் சொல்ல வாயெடுத்தாலே, "விடு தாயி" என்று எழுந்து போய்விடுவீர்கள். இப்போது எழுந்து போக முடியாதே, உட்கார்ந்து கேளுங்கள்.

என் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் தாம்பூலம் வைத்து அழைத்தீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் உங்களோடு வேலை பார்த்தவர்களைத் தேடித் தேடிப் போய் வெற்றிலை பாக்கு வைத்தீர்கள். சேத்தூரில் இருக்கிற கூடப் பிறந்த அண்ணனுக்கு மட்டும் பத்திரிகையைப் படம் எடுத்து போனில் அனுப்பினீர்கள். அம்மா கேட்டதற்கு, "அவிய நம்ம வீட்டு ஆளு. முன்ன நின்னு நடத்த வேண்டியவுக. வீட்டு ஆளுக்கு யாராச்சும் வெத்தல பாக்கு வைப்பாகளா?" என்றீர்கள். உங்கள் மனதில் அது பெரிய மரியாதை. பெரியப்பாவுக்கு அது அவமரியாதையாகப் பட்டது. "ஊருல உள்ளவனுக்கெல்லாம் தாம்பூலம், எனக்குப் போன்ல படமா?" என்று சொன்னாராம். கல்யாணத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், எனக்குத் திருநீறு பூசினார், கை நனைக்காமல் சேத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ஆனால் நல்லது கெட்டது என்றால் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ்தான் உட்கார வேண்டும். அதனால் நடுவில் நான். "ஏட்டி தனம், ஒங்கப்பன்ட்ட சொல்லு, அந்த விசிறிய இங்கிட்டுத் திருப்பச் சொல்லு" என்பார் பெரியப்பா. நீங்கள் கைநீட்டும் தூரத்தில் இருப்பீர்கள். விசிறியைத் திருப்பிவிட்டு, "அவியட்ட சொல்லு, காத்து வருதான்னு கேளு" என்பீர்கள். நான் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்போது ஒரு கோடையில் நாம் மூன்று பேரும் பிளவக்கல் போனோமே, அந்த யோசனை என்னுடையது. நீங்கள் இரண்டு பேரும் கோடை லீவு முழுக்கச் சேத்தூர்க் கண்மாயில் தூண்டிலோடு கிடந்தவர்கள். எனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அந்தக் கதைதானே சொல்வீர்கள். பெரியப்பா தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். நீங்கள் அவருக்கு முதுகுப்பக்கம் உட்கார்ந்து, அவர் மேல் உட்காருகிற மாட்டு ஈயை அடிப்பீர்கள். அவருக்கு ஈக்கடி ஒத்துக்கொள்ளாது, ஒன்று கடித்தால் அந்த இடம் இட்லி மாதிரி வீங்கிவிடும். அப்புறம் இடம் மாறி உட்காருவீர்கள். பேச்சு வருவதற்கு அதைவிட நல்ல இடம் எது என்று நினைத்தேன். ஆளுக்கொரு பொய் சொல்லி இரண்டு பேரையும் கிளப்பினேன்.

அக்கினி நட்சத்திர வெயில். அணைக்குக் கீழே ஓடை வளைகிற இடத்தில், மாந்தோப்பை ஒட்டி, ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. மாடுகள் தண்ணீர் குடிக்க வருகிற இடம், அதனால் ஈக்களும் அங்கேதான். நீங்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் வேப்பெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தீர்கள். கால், முழங்கை, காதுமடல், பிடரி என்று நீங்களும் பூசிக்கொண்டு எனக்கும் பூசிவிட்டீர்கள். "வெரல்ல மட்டும் பட்டுரக் கூடாது. புழுவுல வேப்பெண்ண வாடை ஏறிருச்சுன்னா மீனு திரும்பிப் பாக்காது" என்றீர்கள். பிறகு பாட்டிலை என் கையில் கொடுத்து, "அவியட்ட குடு" என்றீர்கள்.

"ஒங்கப்பன் எண்ணெய் எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லு," என்றார் பெரியப்பா.

நீங்கள் போய் வேப்பந்தழை ஒடித்து வந்தீர்கள். காய்ந்த சாணியைப் பொறுக்கி, காற்று வருகிற பக்கமாகப் பார்த்து மூட்டம் போட்டீர்கள். புகை நேராகப் பெரியப்பா மேல் போய் விழுந்தது. அவருக்காகத்தான் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குப் புகை ஆகவே ஆகாது. செத்த நேரம் ஒரு ஈகூட இல்லை. அவர் தூண்டிலில் இரண்டு ஜிலேபி மீன் விழுந்தது. இரண்டாவது மீனைக் கழற்றும்போது அவர் முகம் லேசாகச் சிரித்ததை நீங்களும் பார்த்தீர்கள். இன்னும் ஒரு மீன் விழுந்திருந்தால் பேசியிருப்பார் அப்பா. சத்தியமாகச் சொல்கிறேன், பேசியிருப்பார்.

அதற்குள் காற்று அடங்கிப் புகை அங்கேயே சுற்ற ஆரம்பித்தது. அவர் இருமினார். "ஏட்டி, ஒங்கப்பன்ட்ட சொல்லு, என்னையக் கருவாடு போடப் பாக்கானா?" என்றார். நீங்கள் உடனே எழுந்து போய் மூட்டத்தை மிதித்து அணைத்தீர்கள். ஒரு வார்த்தை பதிலுக்குச் சொல்லியிருக்கலாம். அணைக்காமல் தள்ளியாவது வைத்திருக்கலாம். அண்ணன் சொன்னால் அடுத்த நிமிடம் செய்துவிடுகிற பழைய பழக்கம் உங்களுக்கு.

புகை போனதும் ஈக்கள் வந்தன. எண்ணெய் பூசாத ஆள் அவர் ஒருவர்தான். அவர் கழுத்தில், பிடரி முடிக்குக் கீழே, பெரிதாக ஒன்று உட்கார்ந்தது. நீங்கள் அவருக்குப் பின்னால் நின்றீர்கள். உங்கள் கை போய்விட்டது.

நீங்கள் போலீஸ்காரர். உங்கள் கைக்கு மெதுவாக அடிக்கத் தெரியாது. மாங்காய் பறித்துக்கொண்டிருந்த ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பாவின் தூண்டில் தண்ணீரில் விழுந்தது. நீங்கள் உங்கள் உள்ளங்கையைப் பார்த்தீர்கள். ரத்தம் கொஞ்சம் இருந்தது, ஈயைக் காணோம். அந்த நேரத்திலும் நீங்கள் என்னைப் பார்த்துத்தான் சொன்னீர்கள், "அவியட்ட சொல்லு தாயி, ஈன்னு சொல்லு."

நான் சொன்னேன். கத்தியே சொன்னேன்.

"ஈயாம் ஈ. நாலு பேரு பாக்க மூத்தவன் மேல கை வச்சிட்டான்," என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைக்கூடப் போடாமல் நடந்தார். செருப்பை எடுத்துக்கொண்டு நான்தான் பின்னாலேயே ஓடினேன்.

திரும்பி வரும்போது உங்களிடம் கேட்டேன், "அடிக்கிறதுக்கு முன்னாடி வாயால சொல்லியிருக்கலாம்ல? அண்ணே, கழுத்துல ஈ இருக்குன்னு?"

"எங்களுக்குத்தான் பேச்சு இல்லையே. எப்படிச் சொல்ல?" என்றீர்கள். அதை நீங்கள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்றுவரை அதை நினைத்தால் அழுகை வருகிறது.

அதுவரை என் வழியாகவாவது பேசினீர்கள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அடுத்த கோடையில் நீங்கள் தூண்டில் முள்ளெல்லாம் புதிதாக வாங்கி வைத்துவிட்டு, "அவிய வருவாகளான்னு கேளேன்" என்றீர்கள். நான் போன் போட்டேன். "வெயிலு தாங்கல. அடுத்த வருசம் பாப்போம்" என்றார் பெரியப்பா. யார் கேட்கச் சொன்னது என்று அவரும் கேட்கவில்லை. ராஜபாளையத்துக்கும் சேத்தூருக்கும் எம்புட்டுத் தூரம் அப்பா? டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர். நீங்கள் போயிருக்கலாம். அவர் வந்திருக்கலாம். அடுத்த வருசம் வருவதற்குள் தை மாதம் வந்தது, உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது.

நீங்கள் போன அன்று நடந்ததை உங்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், நான் சொல்கிறேன். விடிந்ததும் பெரியப்பா வந்தார். யாரும் அழைக்கவில்லை, அழைக்கவும் தேவையில்லாத காரியம். உங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். தலைமாட்டில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பெட்டியின் மேல் வந்து உட்காருகிற ஈயை விரட்டத் தொடங்கினார். மத்தியானம்வரை விரட்டினார். பக்கத்து வீட்டு மாமா, "பெட்டிக்குள்ள ஈ போகாதுங்க, நீங்க போய் ஒருவாய் காப்பி குடிங்க" என்று சொல்லிப் பார்த்தார். பெரியப்பா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் துண்டைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் போன வாரம் அவரே போன் செய்தார். "தனம், பிளவக்கல்லு வரைக்கும் கூட்டிட்டுப் போறியா?" ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவரை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வத்திராயிருப்பு வழியாகப் போனேன். ஓடையில் தண்ணீர் ரொம்பக் குறைந்துவிட்டது. ஈ மட்டும் குறையவில்லை. நான் எண்ணெய்ப் பாட்டிலை நீட்டினேன். வாங்கினார், கால் முழுக்கத் தேய்த்துக்கொண்டார், விரலில் படாமல் புறங்கையால்தான். தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மீன் ஒன்றும் கடிக்கவில்லை.

"ஒங்கப்பன்ட்ட சொல்லு," என்றார் திடீரென்று. சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். யாரிடம் சொல்லச் சொல்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போல. தக்கையையே பார்த்தார்.

"சொல்லுங்க பெரியப்பா. நான் சொல்லுதேன்," என்றேன்.

"ஈதான்னு எனக்குத் தெரியும்னு சொல்லு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "அன்னைக்கு வீட்டுக்குப் போயி சட்டையக் கழட்டையில காலருக்குள்ள செத்துக் கெடந்துச்சு. கையில எடுத்துப் பாத்தேன். அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்ட்டி."

"தெரிஞ்சுமா பெரியப்பா பேசாம இருந்தீங்க?"

"அவன் வருவான்னு இருந்தேன். வந்து, அண்ணேன்னு ஒரு வார்த்த கூப்பிட்டான்னா போதும்னு இருந்தேன்." பிறகு கேட்டார், "ஆஸ்பத்திரியில என்னைய எதும் கேட்டானா?"

பொய் சொல்லியிருக்கலாம். கேட்டீர்கள், தேடினீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று சொல்லியிருந்தால் அந்த மனுசருக்கு ஒரு ஆறுதல். ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் சொன்ன சேதி எதையும் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. "ஒண்ணும் கேக்கல பெரியப்பா. யாராச்சும் வந்தா மட்டும் கதவப் பாத்தாக" என்றேன். அவர் தலையை ஆட்டினார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தூண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வந்தது அப்பா. இப்போதும் இருக்கிறது. தெரிந்தும் வாயைத் திறக்காத அவர்மேல் கோபம், பஸ் ஏறாத உங்கள்மேலும் கோபம். வீட்டு ஆள் என்று ஒருவரை நினைத்தால் அவரிடம் போய் அதைச் சொல்லக் கூடாதா? ஒரு ஈயை அடிக்கிற அளவு பாசம் இருக்கிற கைக்கு ஒரு கதவைத் தட்ட ஏன் வரவில்லை? நீங்கள் பதில் சொல்லப் போவதில்லை. பெரியப்பாவிடமும் அன்று நான் கேட்கவில்லை. அழுகிற ஆளிடம் என்னத்தைக் கேட்க?

அவர் சொல்லச் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். இதுதான் நான் கொண்டுவருகிற கடைசிச் சேதி. ஞாயிற்றுக்கிழமை சேத்தூருக்குப் போகிறேன். என் கோபத்தை அம்மாவிடம் சொல்லி அனுப்பமாட்டேன், போனிலும் சொல்லமாட்டேன். அவர் முன்னால் உட்கார்ந்து, பெரியப்பா, உங்கமேல எனக்குக் கோபம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவேன். அவர் திட்டினால் திட்டட்டும். எழுந்து மட்டும் வரமாட்டேன் அப்பா, இது சத்தியம்.

உங்கள் இருவருக்கும் மகள்,
தனம்