ஹட்சன் கதையின் முடிவு

முரசுமோட்டை
9.10.1963

அன்புள்ள ஐயாவுக்கு,

பரிசோதகர் பள்ளிக்கு வந்த அன்று அவரிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதற்கு முன், அம்மாவின் முழங்கால் வலி எப்படி? நான் சுகம்.

என்மேல் யாரோ பெயரில்லாமல் பெட்டிசம் எழுதி முறையிட்டிருந்தார்கள். வடதுருவப் பனிக்கடலில் வழி தேடிப்போன ஹட்சனை, அவருடைய மாலுமிகளே மகனோடு சிறு படகில் இறக்கிவிட்டுப் போன கதையைச் சொல்லி, தலைமை ஆசிரியரை எதிர்க்கப் பிள்ளைகளைப் பழக்குகிறேனாம்.

"இப்பிடிப் படிப்பிச்சனீங்களோ, ரீச்சர்?" என்று பரிசோதகர் கேட்டார்.

"ஹட்சனைப் பற்றிப் படிப்பிச்சனான், சேர்."

வகுப்பில் கப்பல் பனியில் சிக்கியதோடு நிறுத்தியிருந்தேன். பிள்ளைகள் அழுவார்கள் என்று முடிவைச் சொல்லவேயில்லை. அதை ஒருவரிடம் மட்டும் சொன்னேன்: என்னோடு ஒரே அறையில் இருக்கும் ஜெகதீஸ்வரி ரீச்சரிடம், குசினியில் பருப்பு வேகும்போது.

"ஐயோ, சொந்த ஆக்களேயப்பா!" என்று அகப்பையோடு நின்றார்.

முடிவை வகுப்பில் சொல்லவில்லை, அவரிடம் மட்டுமே சொன்னேன் என்று பரிசோதகரிடம் சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். பரிசோதகருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றவரும் அவர்தான். எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார்; வாங்கிக்கொண்டேன்.

திங்கள் முதல் எனக்குப் பூநகரிப் பள்ளிக்கு மாற்றம். கவலைப்படாதீர்கள், கடற்காற்று நல்லதாம். ஒருவருக்குச் சமைக்கிற அளவில் சிறிய பானை ஒன்று அனுப்புங்கள். தபால்காரர் காத்து நிற்கிறார்.

மகள்,
அருந்ததி

பி.கு.: என் வகுப்பை ஜெகதீஸ்வரி ரீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார்.