ஏழில் உதைக்கும் எண்

ஜூன் 3, திங்கள்
மழை. தெற்கே தூரத்துத் தீவில், கேம்ப்பெல் பே கப்பல் ஜெட்டியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போனில் ஒரு புதிர் போட்டார். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒருமுறை வர வேண்டும். முதல் இரண்டு இலக்கம் இரண்டால் வகுபட வேண்டும், முதல் மூன்று மூன்றால், இப்படியே ஒன்பது வரை. அப்படி ஒரே ஒரு எண்தான் உண்டாம். “நீதானே பானு மேத்ஸ் படிச்சவ” என்றார். படித்துப் பதினோரு வருஷம் ஆகிறது!

எம்.எஸ்ஸி. ஃபார்ம் டிவிக்கு அடியில் கிடக்கிறது. கடைசி நாள் 20. இந்த எண்ணைக் கண்டுபிடித்தால் ஃபார்ம் போடுவது, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருப்பது. இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 5
ஐந்தாவது இடத்தில் 5. இரட்டைப்படை இடங்களில் இரட்டை எண்கள்தான். இவ்வளவு சுலபமா?

ஜூன் 8
நடுவில் 258 அல்லது 654. வேறு வழியே இல்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 11
கிடைத்துவிட்டது! 183654729.

இவருக்கு அனுப்பும் ஊறுகாய் டப்பா மூடியில் மார்க்கரால் பெரிதாக எழுதி, இங்கே ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு ஓடினேன். பார்சல் வாங்கும் பக்தவத்சலம் சார் விரல் விட்டு எண்ணினார்.

“மேடம், ஏக் நம்பர் கம் ஹை, ஒண்ணு குறையுது. போன் நம்பர் பத்து வேணும்ல?”

“அது போன் நம்பர் இல்ல சார்.”

“ஃபிர் க்யா ஹை? வேற என்ன?”

கப்பல் ஊதிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஃபார்மை நிரப்பினேன்.

ஜூன் 12
ஏழு!

மற்றதற்கெல்லாம் குறுக்கு வழி உண்டு. ஏழுக்கு மட்டும் வகுத்தே பார்க்க வேண்டும். கடைசியில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, கப்பலைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்தே போனேன். இன்று வகுத்தேன், மீதி 6. தப்பான எண் கடலில் போய்க்கொண்டிருக்கிறது. அவமானமாக இருக்கு. எனக்கு இதெல்லாம் தேவையா? ஃபார்ம் மறுபடி டிவிக்கு அடியில்.

ஜூன் 15
டப்பா போய்ச் சேர்ந்துவிட்டது. போன் வந்தது.

“ஏழுல ஒதைக்குதே, பானு.”

“தெரியும்.”

“எனக்கும் விடை தெரியாது. போட்டுப் பாரு. 20-ம் தேதி வரைக்கும் டைம் இருக்குல்ல?”

“இருபதா?”

“லீவுல வந்தப்ப டிவியை நான் தொடைக்க மாட்டேன்னு நெனச்சியா?”

அழுதுவிட்டேன். மழை சத்தத்தில் கேட்டிருக்காது.

ஜூன் 19
முதல் மூன்று இலக்கத்தில் 1-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றினேன். 183 போய் 381. மற்ற எதுவும் கெடவில்லை. 3816547-ஐ ஏழால் வகுத்தேன். 545221. மீதி இல்லை. மூன்று தடவை வகுத்தேன், மீதி இல்லை.

இத்தனை பக்கத்தில் இருந்ததா!

ஜூன் 20, வியாழன்
காலையில் ஸ்டடி சென்டரில் ஃபார்மைக் கொடுத்தேன். அப்படியே ஜெட்டிக்குப் போய் இந்த வார டப்பாவை நீட்டினேன். பக்தவத்சலம் சார் மூடியைப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினார்.

“இன்னைக்கும் ஒண்ணு கம்மி, மேடம்.”

“இல்ல சார். இன்னைக்கு எல்லாம் சரியா இருக்கு.”