ஏழாம் நம்பர் சூப்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். வயிறும் சுகம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் ‘என்ன சாப்பிடுகிறாய், எங்கே சாப்பிடுகிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா’ என்பதுதான். மீதி அரைப் பக்கத்தில், போகிறபோக்கில் சொல்வது போல, உன்னை அந்த வார்டுக்கே தலைமை நர்ஸாக இருக்கச் சொல்கிறார்கள், மூன்று வருட ஒப்பந்தம், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதிவிட்டு, ‘எனக்கு இஷ்டமில்லை, உன்கிட்டயே வந்துடறேன்’ என்று முடித்திருக்கிறாய். இஷ்டமில்லையாம்! போன இடத்தில் ஒன்றரை வருடத்தில் பெயர் வாங்கியவளுக்கு இஷ்டமில்லையாம். யாரிடம் கதை விடுகிறாய்?

முதலில் மூன்றரைப் பக்கத்துக்குப் பதில் சொல்கிறேன். அரைப் பக்கத்துக்குக் கடைசியில் வருகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் திக்கித் திக்கி ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுவாய். காகிதத்தில் நான் வாயாடி. இங்கே நீ குறுக்கே வர முடியாது.

ஒரு உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதே. போன கடிதத்தில் ‘தினமும் பொரித்த மீன், ஒரு குறையும் இல்லை’ என்று எழுதினேனே, அது பச்சைப் பொய். மீனைத் தினமும் பார்த்தேன். அடுத்தவர் தட்டில்.

கல்லூரியைச் சுற்றி இங்கே தடுக்கி விழுந்தால் சாப்பாட்டுக் கடைதான். மாணவர்கள் ருசி பார்த்துக் கடை தேடுவார்கள். நான் கடையில் எப்படிக் கேட்க வேண்டியிருக்கும் என்று பார்த்துத் தேடினேன். நூலகத்துக்குப் பின்னால் உள்ள கேண்டீனில் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நகர்ந்து, வேண்டியதை விரலால் காட்டினால் போதும். வேலையில் சேர்ந்த முதல் இரண்டு மாதம் அங்கேதான் குடியிருந்தேன். சோறு களி, காய் வெந்நீர். ஆனால் கரண்டி பிடிக்கிற அம்மாள் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அதற்காகவே அவருக்கு ஆயுசு நூறு.

எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை. அங்கே பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, காபி ஆனதும் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். என் பெயர் என் வாயிலிருந்து என்றைக்கு ஒழுங்காக வந்திருக்கிறது? உன் பெயர்தான் வழுக்கிக்கொண்டு வரும். அதையே சொல்லிவிட்டேன். எட்டு மாதமாக அந்தக் கடையில் நான்தான் நீ. பாலைக் குறைத்துச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிக்கிறாய், தெரிந்துகொள்.

இனி முக்கியமான கடை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. சூப்புக் கடை என்று பெயர், கூட்டம் என்னவோ பொரித்த மீனுக்குத்தான். கடைக்காரர் ஐம்பது வயது மனிதர். ஆவியில் அவர் கண்ணாடி எப்போதும் மங்கியிருக்கும், துடைக்க அவருக்கு நேரமில்லை. அதனால் கை காட்டிப் பிரயோஜனமில்லை, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சுவரில் பத்து அயிட்டம், பத்து நம்பர். நம்பரைச் சொன்னால் கொடுப்பார். பொரித்த மீன் பத்து. அந்த ‘ப’ எனக்குச் சாத்திய கதவு என்று உனக்குத் தெரியும். பத்தும் வராது, பொரித்ததும் வராது. ஒரு நாள் ‘மீன்’ என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். நான்காம் நம்பர் அவித்த மீனை வைத்தார். அது மீன் இல்லை அக்கா, உன் வார்டில் படுக்க வேண்டிய நோயாளி.

தடங்கலில்லாமல் வந்த ஒரே நம்பர் ஏழு. ஏழு என்றால் பூசணி சூப்.

சிரிக்காதே. சின்ன வயதில் பூசணித் துண்டை நாற்காலிக்கடியில் ஒளித்துவைத்து, எறும்பு காட்டிக்கொடுத்து அடி வாங்கியவள் நான். அந்த நான் ஆறு மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூசணி சூப் குடித்தேன். அந்த மனிதர் என்ன நினைத்தார் தெரியுமா? எனக்குப் பூசணி என்றால் உயிர் என்று நினைத்துவிட்டார். கூட்ட நாளில் தீர்ந்துவிடப் போகிறதே என்று எனக்காக ஒரு கிண்ணம் தனியாக எடுத்து மூடிவைப்பார். நான் வாசலில் கால் வைத்ததும் ‘ஏழு வந்தாச்சு!’ என்று குரல் கொடுப்பார். கடை முழுக்க எனக்கு ஏழு என்றே பெயராகிவிட்டது. கடைசியில் அந்த ஒரு வார்த்தையைக்கூட நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவ்வளவு நல்ல மனிதரிடம் எப்படிக் குறை சொல்வது?

புதன்கிழமை மத்தியானம் உன் கடிதம் என் பையில் இருந்தது. எனக்கு முன்னால் எட்டுப் பேர், பின்னால் ஒரு வகுப்பே நின்றது. என் முறை வந்தது. அவர் ‘ஏழு வந்தாச்சு!’ என்று மூடிவைத்த கிண்ணத்தை எடுத்தார். எப்போதும் போலத் தலையாட்டப் போனேன். உன் அரைப் பக்கம் ஞாபகம் வந்தது. இந்த ஒரு தலையாட்டலுக்காகவா நீ அங்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரப்போகிறாய் என்று நினைத்தேன். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ‘இல்லை’ என்றேன்.

கிண்ணம் அந்தரத்தில் நின்றது. நான் ‘ப’ என்று ஆரம்பித்தேன். நின்றுவிட்டது. கடையே மூச்சடக்கி நின்றது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படியெல்லாம் இல்லை. பின்னால் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண் பாவம், உதவி செய்வதாக நினைத்து ‘பத்தா? பத்து வேணுமா?’ என்று எடுத்துக்கொடுத்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் மீன் வந்திருக்கும். நான் திரும்பி, கையைக் காட்டி, இரு என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவை ஒருவரை நான் காக்க வைத்தேன், அக்கா!

பதினொரு விநாடி. ஆய்வுக்கூடத்தில் தினமும் ஊசல் ஆட்டிக் கணக்கெடுக்கிறவளுக்கு விநாடி தப்பாது. பதினொரு விநாடி கழித்து, நம்பரைச் சொல்லாமல் முழுசாகவே சொன்னேன். ‘ப... ப... பொரிச்ச மீன். எலுமிச்சை தனியா.’ எலுமிச்சையைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வந்த வேகத்தில் அதையும் கேட்டுவைத்தேன்.

அவர் அன்றைக்குத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து என்னை முழுசாகப் பார்த்தார். ‘அப்ப இந்தப் பூசணி?’ என்றார். எனக்குப் பிடிக்காது என்றேன். ‘என்னைக்கிலேருந்தும்மா?’ என்றார். பிறந்ததிலிருந்து என்றேன். ‘ஆறு மாசமா உனக்குன்னு எடுத்து வச்சேனேம்மா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா!’ என்று தலையில் கை வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த மீன் கருகியது. எனக்கு வேறு பொரித்துக் கொடுத்தார்.

ருசி எப்படி என்கிறாயா? உப்புக் கொஞ்சம் தூக்கல். ஒரு முள் தொண்டை வரை போய் வந்தது. எனக்கு ஆனந்தத்தில் கண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் போய் உப்பு அதிகம் என்று அவரிடம் குறையும் சொன்னேன். ‘உன்னைப் பேச விட்டது தப்பு’ என்றார். அதைவிட எனக்கு என்ன பட்டம் வேண்டும்?

சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை, மேஜைக்குத் துணி விரித்திருக்கிற பெரிய ஓட்டலுக்குத் தனியாகப் போனேன். சர்வர் குறிப்புப் புத்தகத்தோடு நின்றார். எனக்கு அவசரமே இல்லை. நான்கு அயிட்டம் கேட்டேன், ஒன்றை மாற்றினேன், இன்று எது நன்றாக இருக்கிறது என்று விசாரணை வேறு. எல்லாவற்றிலும் திக்கினேன். எல்லாம் சூடாக வந்தது. திக்கல் போய்விட்டது என்று நீ கற்பனை செய்துகொள்ளாதே. அது எங்கேயும் போகவில்லை, நான்தான் அதையும் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போகிறேன்.

நேற்றுக் காபிக் கடையில் என் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயரைக் கடையே கேட்கும்படி கூப்பிட்டார்கள். முதல் தடவை நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருந்தது.

இனி உன் அரைப் பக்கம். அம்மா போகிறபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு ‘அவ பசியோட இருக்கக் கூடாதுடி’ என்றாள். அன்றிலிருந்து நீ எனக்கு வாயாக இருந்தாய். கடையில், டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில் எல்லாம் எனக்காக நீ கேட்டாய். நீ இல்லையென்றால் நான் பட்டினிதான், அதை என்றும் மறக்கமாட்டேன். ஆனால் இத்தனை வருடத்தில் நீ ஒரு தடவைகூட எனக்குப் பொரித்த மீன் கேட்டதில்லை அக்கா. முள் குத்தும் என்று அவித்த மீனைத்தான் கேட்டாய். குறையாகச் சொல்லவில்லை. குத்தினால் எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டுவிடு. நல்ல பேனாவாக எடுத்து, அழுத்தமாகப் போடு. லீவில் நீ வருகிறபோது சூப்புக் கடைக்குப் போவோம். ஜன்னலோர மேஜையில் நீ உட்கார்ந்துகொள், இரண்டு பேருக்கும் நான் போய்க் கேட்கிறேன். பதினொரு விநாடி ஆகும், இருபதும் ஆகலாம். அதுவரை, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே.

இப்படிக்கு,
பசியில்லாத உன் தங்கை