மகாராணிக்கு நெட் வராது

ஜூன் 4
ஆன்லைன் வகுப்பு இன்றும் பாதியில் நின்றது. பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது, வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்துவிட்டேனாம். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. இன்னொரு புகார் வந்தால் வேறு ஆள் பார்ப்போம் என்று மேற்பார்வையாளர் எழுதிவிட்டார். இவரிடம் சொன்னேன். உரக்கடை பில்லிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கிராமம்னா அப்படித்தான்."

ஜூன் 6
ரூட்டரை ஜன்னலில் வைத்தேன், அலமாரி மேல் வைத்தேன், கேபிள் மாற்றினேன். கெஞ்சாத குறைதான்.

ஜூன் 9
நெட் கம்பெனி லைன்மேன் வந்து, கம்பத்திலிருந்து வீடுவரை பழுதில்லை என்றார். என் போனில் பறக்கிறது. வீட்டு முன்பக்கம் இருக்கும் கடைக் கம்ப்யூட்டரிலும் பறக்கிறது. என் லேப்டாப் மட்டும் நொண்டுகிறது. லேப்டாப்தான் பழசு என்று இவர் முந்திக்கொண்டு சொன்னார்.

ஜூன் 11
ரிப்பேர் கடையில் லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். பின்னே என்னதான்?

ஜூன் 13
வேலை போய்விட்டது.
"விடு மகாராணி. கடையில கல்லா சும்மாதானே கெடக்கு, வந்து உக்காரு." வகுப்புக்காக நான் கதவைச் சாத்த ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பட்டம். ஆனால் இன்று குரலில் அவ்வளவு கனிவு. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்?

ஜூன் 15
வகுப்பு இருந்த நேரத்தில் லேப்டாப்பில் முழுப் படம் பார்த்தேன். ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. வேலை போனதும் நெட்டுக்கு உயிர் வந்துவிட்டதா?

ஜூன் 16
ரூட்டர் செட்டிங்கைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் கடைப் பெயர்தான் இவருக்குப் பாஸ்வேர்டு. உள்ளே என் லேப்டாப்புக்குப் பெயர் வைத்திருக்கிறார்: மகாராணி. பக்கத்தில் வேகக் கட்டுப்பாடு. என் வகுப்பு நேரத்துக்கு மட்டும். பதின்மூன்றாம் தேதி அதை நிறுத்திவைத்ததாகப் பதிவு.
பாவி மனுஷா. வாயத் தொறந்து கேட்டிருந்தா தெனமும் சாயங்காலம் கல்லாவுல உக்காந்திருப்பேனே. என்னை அத்தனை பிள்ளைங்க முன்னாடி ஊமையாக்கிட்டியே — கூடவே உக்காந்து சோறும் தின்னியே.
கேட்கவில்லை. அழுதேன், முகம் கழுவினேன்.

ஜூன் 24
வேறொரு நிறுவனத்துக்கு மாதிரி வகுப்பு. தடங்கலே இல்லை. திங்கள் முதல் வரச் சொல்லிவிட்டார்கள்.
முடிந்த கையோடு இவர் கதவைத் தட்டினார். கடைக் கம்ப்யூட்டர் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிறதாம், பில் போட முடியாமல் ஆட்கள் திட்டுகிறார்களாம். ரூட்டருக்குப் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்திருப்பார், திறந்திருக்காது. காரணம் இவருக்குத் தெரிகிறது, கேட்க வாய்தான் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.
"கிராமம்னா அப்படித்தாங்க" என்றேன்.
கடைக்குத் திரும்பிப் போனார். நான் திங்கட்கிழமைப் பாடத்தை எடுத்துவைத்தேன்.